குறைந்த காசில் வேகம்: ஒரு லண்டன் கதை



வரிப் படிவம், ஓய்வூதியம், வீட்டுக் கடன் என்று பேசிவரும் இந்தக் கணக்காளன் இம்மாதம் ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேசியது சிலருக்கு வியப்பாக இருந்திருக்கும். பேச்சைக் கேட்கத் தவறியவர்களுக்காக அதனை இங்கே எழுத்தில் தருகிறேன்.

இந்த விடயத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பிள்ளைகள் பலர் வேலைக்குச் சேர்ந்து கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிறார்கள். பிறகு அதற்குப் பெரிய சைலன்சர், அகலமான சில்லு, தாழ்த்திய ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகப் பூட்டுகிறார்கள். பெற்றோர் ஒன்றில் ஏசுகிறார்கள், அல்லது எதுவும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை எங்கள் பிள்ளைகளுக்கு முன்பே, கையில் காசில்லாத வேறு இளைஞர்கள் இதே ஊரில் நடந்து காட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அகதியாக வந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

வரி வடிவமைத்த என்ஜின்

கணக்காளன் என்பதால் வரியில் இருந்து தொடங்குகிறேன். 1921ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவில் கார்களுக்குக் குதிரைவலுவின்படி வரி விதிக்கப்பட்டது. ஒரு குதிரைவலுவுக்கு ஒரு பவுண். ஆனால் அந்தக் குதிரைவலு என்ஜினின் உண்மையான பலம் அல்ல. சிலிண்டரின் விட்டத்தையும் சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் வைத்துப் போட்ட வெறும் கணக்கு. பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய்வருகிறது என்பது அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

விளைவு என்ன? அமெரிக்காவின் ஃபோர்ட் ரீ மொடலுக்கு ஆண்டுக்கு 23 பவுண் வரி வந்தது. 1922இல் அறிமுகமான ஒஸ்ரின் செவன் என்ற சின்னக் காருக்கு 8 பவுண்தான். பிரித்தானிய என்ஜினியர்கள் சிலிண்டரை ஒடுக்கமாகவும் நீளமாகவும் செய்யப் பழகிக்கொண்டார்கள். இந்த வரி 1948 தொடக்கத்தில் நீக்கப்பட்டு புதிய கார்களுக்கு ஒரே தொகை என்று வந்த பின்னரும் அந்தப் பழக்கம் உடனே போய்விடவில்லை.

ஆக, ஒரு நாட்டின் சட்டமும் வரியும் காரின் பாகங்களைப் போலவே காரின் ஒரு பகுதி. இதை அறிந்தவன் குறைந்த காசில் நிறையச் செய்தான். அறியாதவன் நிறையக் காசைக் கொட்டியும் நட்டப்பட்டான். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

ஸ்மிர்னாவில் இருந்து வந்த பெடியன்

அலெக் இசிகோனிஸ் 1906இல் ஸ்மிர்னா என்ற துறைமுக நகரில் பிறந்தவர். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் ஊர் அது. தகப்பன் கிரேக்க வம்சத்தவர், கப்பல் என்ஜின் வேலைத்தளம் வைத்திருந்தவர். 1922இல் கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில் நகரம் தீக்கிரையானது. பிரித்தானியக் குடியுரிமை பெற்றிருந்ததால் இக்குடும்பத்தைக் கடற்படையினர் கப்பலில் ஏற்றி மால்ற்றாவுக்குக் கொண்டுசென்றார்கள். வேலைத்தளம், வீடு, சொத்து எல்லாம் போயிற்று. தகப்பன் மால்ற்றாவிலேயே காலமானார். தாயும் மகனும் மட்டும் லண்டன் வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கதையின் முதற் பாதியை எங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

தென் லண்டனில் பற்றர்சி பொலிரெக்னிக்கில் படித்த இசிகோனிஸ், கணிதப் பரீட்சையில் மூன்று முறை தவறினார். ஆனால் கை வேலையில் கெட்டிக்காரர். ஓர் ஒஸ்ரின் செவனை வாங்கி அதைத் திருத்தி ஓட்டினார். 1930களில் ஜோர்ஜ் டவுசன் என்ற நண்பருடன் சேர்ந்து, அந்த ஒஸ்ரின் பாகங்களில் இருந்து ஒரு பந்தயக் காரைச் சொந்தக் கையால் செய்தார். பெரிய என்ஜின் வாங்கக் காசில்லை. எனவே எடையைக் குறைத்தார். ஒட்டுப்பலகைக்கு மேல் அலுமினியத் தகடு ஒட்டி உடற்பகுதி செய்தார். இரும்பு ஸ்பிரிங்கின் வேலையை ரப்பரைக் கொண்டு செய்வித்தார். அந்தக் காரை முடிக்கப் பல ஆண்டுகள் எடுத்தன.

அந்தக் கராஜில் படித்த பாடம் வீண்போகவில்லை. 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அவர் வடிவமைத்த மொறிஸ் மைனர் அறிமுகமானது. பத்து இலட்சத்தைத் தாண்டி விற்பனையான முதல் பிரித்தானியக் கார் அது. 1959இல் மினி வந்தது. மினியின் சில்லுகளுக்கு மேலும் ரப்பர்தான் ஸ்பிரிங்.

ஹோர்ன்சியின் குதிரை லாயம்

இனி வட லண்டனுக்கு வருவோம். ஹோர்ன்சியில் ரொற்றன்ஹாம் லேன் எங்களில் பலர் பஸ்ஸில் போய்வரும் தெரு. அங்கே இருந்த ரெயில்வே ஹோட்டலை நடத்தியவரின் மகன் கொலின் சப்மன், 1928இல் பிறந்தவர். லண்டன் யூனிவேர்சிற்றி கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்துக்கொண்டே பழைய கார் வியாபாரம் செய்தார். 1947இன் பிற்பகுதியில் அரசாங்கம் தனியாருக்கான பெற்றோல் பங்கீட்டை நிறுத்தியதும் பழைய கார்களின் விலை விழுந்தது. வியாபாரம் படுத்தது. விற்க முடியாமல் எஞ்சிய ஒரு பழைய ஒஸ்ரின் செவன்தான் அவரது முதலீடு.

காதலி ஹேசல் வில்லியம்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கராஜில், ஒட்டுப்பலகையும் அலுமினியமும் கொண்டு அதனை 1948இல் மாற்றிக் கட்டினார். அதுவே முதல் லோட்டஸ். 1952இல் ஹேசலிடம் வாங்கிய 25 பவுண் கடனுடன் நிறுவனம் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. வேலைத்தளம், தகப்பனின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயம். 1963இல் லோட்டஸ் உலக ஃபோர்முலா வன் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. லாயத்தில் இருந்து அங்கே போக 11 ஆண்டுகள்!

சப்மனின் திறமை, விதிப் புத்தகத்தை மற்றவர்களைவிடக் கவனமாகப் படித்ததில் இருந்தது. ஒஸ்ரின் செவன் ஓட்டுபவர்களுக்காக 1939இல் அமைந்த 750 மோட்டார் கிளப் மலிவான பந்தயங்களை நடத்தியது. அந்த என்ஜினில் நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டே இரண்டு காற்று வாசல்கள். இரண்டு பேர் ஒரே குழாயால் உறிஞ்சுவது போல ஒன்றின் காற்றை மற்றது பறித்துக்கொள்ளும். சப்மன் அந்த வாசல்களின் நடுவே ஒரு தகட்டைச் செருகி நாலு வழியாக்கினார். செலவு ஒரு தகடு. விதியில் அதைத் தடுக்கும் வார்த்தை இருக்கவில்லை. ஏனையோர் பின்தங்கியதால், கிளப் பின்னர் அதைத் தடைசெய்தது. அவரும் விட்டுவிட்டார்.

அடுத்தது வரி. அக்காலத்தில் புதிய காருக்குக் கொள்வனவு வரி மிகக் கடுமை. 1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைட் என்ற மலிவான ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். காரின் விலை 445 பவுண். அதன்மேல் வரி 223 பவுணுக்குச் சற்று அதிகம். கையில் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 669 பவுண். ஆனால் சட்டப்படி, பாகங்களாக விற்றால் அது கார் அல்ல. வாங்குபவர் தானே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. 1957இல் வந்த லோட்டஸ் செவன் பாகங்களாக, முழுக் காரின் விலையில் கிட்டத்தட்டப் பாதிக்குக் கிடைத்தது. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசியில் இருந்து முதலுக்கு வாசிக்க வேண்டியதுதான்!

1973 ஏப்ரலில் கொள்வனவு வரி போய் வற் வரி வந்தது. பாகங்களுக்கும் வரி என்றானதும் அந்தக் கதவு மூடப்பட்டது. லோட்டஸ் செவனின் உரிமை அதே ஆண்டில் கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது.

இதே மனிதரின் பிற்காலத்தையும் சொல்லாவிட்டால் கணக்குச் சரிவராது. வட அயர்லாந்தில் பிரித்தானிய அரசின் பணத்தில் தொடங்கிய டிலோரியன் கார்த் திட்டத்துக்கு லோட்டஸ் பொறியியல் வேலை செய்தது. அதில் பல மில்லியன் பணம் வேறு வழியில் போயிற்று. சப்மன் 1982இல் மாரடைப்பால் இறந்தார். லோட்டஸின் நிதிப் பொறுப்பாளராக இருந்த கணக்காளர் பிரெட் புஷெல் 1992இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். சப்மன் உயிரோடிருந்தால் தண்டனை இன்னும் கடுமையாக இருந்திருக்கும் என்று நீதிபதி கூறினார். வரியைச் சட்டப்படி தவிர்ப்பது ஒன்று, ஏய்ப்பது வேறொன்று. என் தொழிலில் நாளாந்தம் சொல்லும் இந்த வாக்கியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே என்ஜின், இரண்டு ஊர்கள்

1951இல் ஒஸ்ரின் நிறுவனம் 803 சிசி கொண்ட சின்ன என்ஜின் ஒன்றைச் செய்தது. ஏ வரிசை என்று பெயர். 1952இல் அது மொறிஸ் மைனருக்குள் வந்தது. 1956இல் 948 சிசி ஆகியது. மேலே சொன்ன ஸ்பிறைட் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே 948 சிசி என்ஜின்தான். மைனரில் ஒரு காபரேற்றர், 37 குதிரைவலு. ஸ்பிறைட்டில் இரண்டு காபரேற்றர், ஏறத்தாழ 43. அதாவது யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய மைனருக்குள் ஒரு பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரின் இதயம் இருந்தது!

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டது. அப்போது எங்கள் மெக்கானிக்மார் இந்தப் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்வது, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் வெள்ளைப் புகை. புதிய ஜப்பான் கார்கள் படுத்துக்கிடக்க, மைனரும் ஒஸ்ரினும் ஓடின. மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது, சீக்கிரம் பற்றி என்ஜினைத் தட்டும். பழைய என்ஜின்கள் கலவையைக் குறைவாகவே அழுத்துவதால் அவை சமாளித்தன.

லண்டனில் நடந்தது இதற்கு நேரெதிர். இங்கே அழுத்தத்தைக் கூட்டினார்கள். சிலிண்டர் தலையைச் சீவி, வாசல்களைத் தேய்த்து மினுக்கி, இரட்டைக் காபரேற்றர் பூட்டி அதே என்ஜினில் இருந்து மேலும் வலுவை எடுத்தார்கள். வடமேற்கு லண்டனில் 1957இல் தொடங்கிய ஸ்பீட்வெல் என்ற சிறு நிறுவனம் இதற்கான பாகங்களை விற்றது. பின்னர் உலகச் சம்பியனான கிரகம் ஹில்லும் அதில் பங்காளி. தென்மேற்கில் சேர்பிற்றனில் கராஜ் வைத்திருந்த ஜோன் கூப்பர், இசிகோனிஸின் மினியை எடுத்து 1961இல் மினி கூப்பர் ஆக்கினார். 848 சிசி, 34 குதிரைவலுவாக இருந்தது 997 சிசி, 55 குதிரைவலு ஆனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கூப்பர் வலுவை மட்டும் கூட்டவில்லை. முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் பூட்டிய பிறகே கார் விற்பனைக்கு வந்தது. ஓடத் தெரிந்தால் போதாது, நிற்கவும் தெரிய வேண்டும்.

நான்கு விளக்குக் குமிழ்கள்

மினி கூப்பர் 1964, 1965 ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ரலியை வென்றது. 1966இல் முதல் மூன்று இடங்களுக்கும் மினிகளே வந்தன. ஆனால் முன்விளக்குக் குமிழ்கள் விதிக்கு ஒத்துவரவில்லை என்று மூன்றையும் விலக்கி, வெற்றியைப் பிரெஞ்சுக் கார் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அது நியாயமா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. எனக்குத் தெரிவது ஒன்றுதான். மலை, பனி, பள்ளம் எல்லாம் தாண்டிய கார்கள் ஒரு குமிழால் தோற்றன.

தெருவிலும் அப்படித்தான். இந்நாட்டில் 1931 முதல் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். 1960இல் எம்.ஓ.ரி. பரிசோதனை வந்தது. முதலில் பத்து ஆண்டு கடந்த கார்களுக்கு, 1967 முதல் மூன்று ஆண்டு கடந்தவற்றுக்கு. இன்று, காரோடு வந்த கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கழற்றினால் பரிசோதனையில் தவறும். சைலன்சரை முன்பைவிடச் சத்தம் கூடுமாறு மாற்றுவது விதிமீறல். என்ஜினின் அளவை மாற்றினால் பதிவுப் பத்திரத்தில் திருத்த வேண்டும். கவனயீனமாக ஓட்டி மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுத்தால், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொலிசார் காரையே எடுத்துச் செல்லலாம்.

இவை எல்லாவற்றையும்விட எங்கள் குடும்பங்களைத் தாக்குவது காப்புறுதிதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மகன் கடனில் வாங்கிய காரின் என்ஜின் கணினியை ரீமாப் செய்து, ஸ்பிரிங்கையும் தாழ்த்தினான். காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. விபத்து சிறியதுதான். ஆனால் மறைத்த மாற்றங்களைக் கண்ட நிறுவனம் அவனது காருக்குக் காசு தர மறுத்தது. கார் போயிற்று, கடன் நின்றது. அந்தக் கடனைத் தகப்பன் இரவு வேலை செய்து கட்டினார்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, காப்புறுதி எடுப்பவர் கேட்ட கேள்விகளுக்கு நியாயமான கவனத்துடன் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தே மறைத்தால் ஒப்பந்தத்தையே இரத்துச் செய்யலாம். கவனக்குறைவு என்றால் கட்டிய தொகைக்கு ஏற்றவாறு இழப்பீட்டைக் குறைக்கலாம். அத்துடன் மகன் ஓட்டும் காரைத் தகப்பனே பிரதான சாரதி என்று எழுதிக் கட்டணத்தைக் குறைப்பது எங்களிடையே சாதாரணமாகிவிட்டது. அது மோசடி. காப்புறுதி இல்லாமல் ஓட்டியதாக முடிவானால் வழமையாக 300 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும். லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளி வந்தால் லைசென்சே போய்விடும்.

என் கணக்கு

சரி, ஆசைப்படும் பிள்ளைக்கு என்ன சொல்வது? இன்றைய மலிவு ஸ்போர்ட்ஸ் கார்களில் நான் உதாரணம் காட்டுவது மாஸ்டா எம்எக்ஸ்-5. சப்மனின் 1962ஆம் ஆண்டு லோட்டஸ் எலானை மனதில் வைத்து ஜப்பானியர் 1989இல் கொண்டுவந்த கார் அது. அதன் பழைய மொடல்கள் எடை குறைந்தவை, பாகங்களும் எளிதாகக் கிடைக்கும்.

வாங்க முன் லண்டனின் யூலெஸ் கட்டணத்தைப் பாருங்கள். 2023 ஓகஸ்ட் முதல் அது லண்டன் முழுவதற்கும் உரியது. பொதுவாக 2005க்குப் பின் பதிவான பெற்றோல் கார்கள் தப்பும். தரத்துக்கு உட்படாத காரை ஒரு நாள் ஓட்ட 12 பவுண் 50 சதம். வாரத்தில் ஐந்து நாள், ஆண்டில் 48 வாரம் ஓட்டினால் 240 நாள், 3,000 பவுண். இரண்டாயிரம் பவுண் காருக்கு மூவாயிரம் பவுண் நுழைவுக் கட்டணம்! பதிவு எண்ணைக் கொடுத்தால் கட்டணம் உண்டா இல்லையா என்று வாங்க முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

ஒதுக்கிய காசு 100 பவுண் என்று வைத்துக்கொண்டால், நான் பிரிக்கும் விதம் இது. முதல் 35 பவுண் பழுது பார்க்க: எண்ணெய், பெல்ற், தண்ணீர்க் குழாய், தேய்ந்த ரப்பர்கள். பழைய கார் அது பிறந்தபோது இருந்த வலுவுக்குத் திரும்புவதே பெரிய முன்னேற்றம். அடுத்த 25 பவுண் நல்ல ரயருக்கும் பிரேக்குக்கும். 15 பவுண் காப்புறுதியில் கூடும் தொகைக்கு. இன்னொரு 15 பவுணே என்ஜினுக்கு. மிச்சம் 10 பவுண் கையிருப்பு.

என்ஜினுக்கு இவ்வளவு குறைவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஸ்பிறைட்டின் கணக்கைக் காட்டுங்கள். எடை ஏறத்தாழ 660 கிலோ, வலு 43. அதில் 60 கிலோவைக் குறைத்தால், வலுவை 47க்கு மேல் கூட்டியதற்குச் சமம். தேவையற்ற சாமான்களை இறக்கிவைக்க ஒரு சதமும் செலவில்லை. பிரேக்கும் ரயரும்கூட இலகுவாகும். இசிகோனிஸும் சப்மனும் கண்டுபிடித்தது இதைத்தான். ஆனால் சீற் பெல்ற், காற்றுப்பை போன்றவற்றைக் கழற்றுவது எடை குறைப்பு அல்ல, உயிரோடு விளையாட்டு.

எதையும் பூட்ட முன்பு காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, பூட்டினால் கட்டணம் எவ்வளவு கூடும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தொகையும் பாகத்தின் விலையில் ஒரு பகுதிதான். பல ஆசைகள் அந்த ஒரு தொலைபேசி அழைப்பிலேயே அடங்கிவிடும். அடங்காதவை உண்மையான ஆசைகள், அவற்றுக்குக் காசு செலவழிக்கலாம்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள். பிள்ளை காரின் பொனெற்றைத் திறக்கும்போது ஏசாதீர்கள், பக்கத்தில் போய் நில்லுங்கள். மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில் ஓடிய கதையைச் சொல்லுங்கள். அது எங்கள் மெக்கானிக்மாரின் கெட்டித்தனம், அவர்கள் அறிய வேண்டிய சரித்திரம். பிறகு மறக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இன்சூரன்சுக்குச் சொல்லிப்போட்டியோ?"

அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.